பல பொறிகளுக்கு ஒரு படக்கருவி

காலி வீதி வழியே வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கமாகச் செல்வோர், பம்பலப்பிட்டியில் மஜெஸ்டிக் சிற்றியையும் அதன் அயலிலே நிற்கும் யூனிற்றி பிளாஸாவையும் காணாது போதல் இயலாது. பின்னதன் மாடிகளில் எங்கு திரும்பினும் கணினிக் கடைகளே. புதியது வாங்க வருவோரும், பழையதைப் பழுது பார்க்கக் கொணர்வோரும் அங்கே கூடுவர். பிள்ளைகளையுடைய பெற்றோர் இத்தகைய கடைகளில் எழுப்பும் வினா ஒன்றுண்டு. "பாடக் காணொளி விட்டு விட்டு ஓடுகின்றதே, இந்தக் கணினியை மாற்றத்தான் வேண்டுமோ?" என்பதே அது.

வினா அற்பமானதன்று. 2022 ஆம் ஆண்டில் அமெரிக்க டொலர் ஒன்றின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிச் சென்றதை யாம் மறக்கவில்லை. அன்று தொட்டுப் புதிய மடிக்கணினி என்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமையாகிவிட்டது. ஆயினும் பல வேளைகளில் குற்றம் பொறியில் இல்லை. பொறியினுள் உறங்கிக் கிடக்கும் உறுப்பொன்றை மென்பொருள் தட்டியெழுப்பாமையே காரணம். அவ்வுறுப்பு யாது, அதனை எழுப்புவோர் யாவர் என்பதை வாசகர்க்கு, சிறப்பாக மாணவர்க்கு, எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலிற் சிறிது கணக்குப் பார்ப்போம். உயர்தெளிவுப் படமொன்று குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் கொண்டது. பெருக்கினால் 2,073,600 புள்ளிகள். செக்கனுக்கு 25 படங்கள் ஓடவேண்டும். புள்ளி ஒவ்வொன்றுக்கும் செம்மை, பசுமை, நீலம் என மூன்று பைற்று வேண்டும். ஆக, ஒரு செக்கனுக்கு 155,520,000 பைற்று! எழுநூறு மெகாபைற்றுக் கொள்ளும் இறுவட்டொன்று ஏறக்குறைய நாலரைச் செக்கனில் நிரம்பிவிடும். இதனை அப்படியே இணையத்தில் அனுப்புதல் நடவாத காரியம்.

எனவே சுருக்குகின்றனர். சுருக்கும் வித்தைக்கு மூலமான கணிதத்தை அளித்தவர்களில் நம் அண்டை நாட்டவர் உளர் என்பது பலரும் அறியாதது. பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலச் சர்வகலாசாலையிற் பணியாற்றிய காலத்தில், 1972 இல், இவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். எண்ணம் மிகவும் எளிதாகத் தோன்றுகின்றது என்று கருதப்பட்டு உதவி மறுக்கப்பட்டது. அவர் விட்டாரில்லை. தம் மாணவர் நடராஜனுடனும், கே. ஆர். ராவ் என்பாருடனும் சேர்ந்து முடித்த கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. இன்று கையடக்கத் தொலைபேசியில் நாம் எடுக்கும் புகைப்படமும், பார்க்கும் காணொளியும் பெரும்பாலும் அவர்கள் கண்ட கோசைன் உருமாற்றத்தையோ அதன் வழிவந்த கணக்கையோ கொண்டே சுருக்கப்படுகின்றன.

அதன் உட்பொருள் கடினமானதன்று. காலிமுகத்திடலில் நின்று வானத்தைப் படம் எடுத்தால், அடுத்தடுத்த புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நீலமே. படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் நிறம் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதை மட்டும் சில எண்களாற் குறித்து, கண்ணுக்குப் புலனாகா நுணுக்கங்களைக் கைவிட்டுவிடலாம். அன்றியும் ரூபவாஹினியிற் செய்தி வாசிப்பவரின் பின்னணிச் சுவர் அசைவதில்லை; அதனை ஒவ்வொரு முறையும் அனுப்புவானேன்? அசைந்தவற்றை மட்டும் அனுப்பினாற் போதுமே. இவ்வாறு கட்டப்பட்ட மூட்டையை 2003 இல் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் முறையிலும் அதன் பின்வந்த முறைகளிலும் நாம் பெறுகின்றோம்.

மூட்டையை அவிழ்ப்பது யார்? இங்கேதான் சிக்கல். கணினியின் மையச் செயலி எல்லா வேலையும் அறிந்தது. ஆதலால் இதனையும் செய்யும். ஆனால் மூச்சு வாங்கும். கத்தியாலும் தேங்காயைச் சுரண்டி எடுக்கலாம். எனினும் திருவலைக்கு அது ஈடாகுமா? காணொளி அவிழ்த்தல் என்ற ஒரே தொழிலுக்கென்று சில்லின் ஒரு மூலையிற் செதுக்கி வைக்கப்பட்ட மின்சுற்றே அந்தத் திருவலை. வேறொன்றும் அதற்குத் தெரியாது. ஆனால் தன் தொழிலை மிகச் சொற்ப மின்சாரத்தில் முடித்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட போது, பதிவு செய்த பாடங்களை மின்கலத்தை நம்பிப் பார்த்த மாணவர்க்கு இவ்வேறுபாடு எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அத்துணை நல்ல சுற்று இருக்க, அதனைப் பயன்படுத்துவதில் தடை என்ன? அதன் கதவு வீட்டுக்கு வீடு வேறு. விண்டோஸில் டி.எக்ஸ்.வி.ஏ. என்ற கதவு; அப்பிளில் வீடியோ ரூல்பொக்ஸ்; அண்ட்ரொயிட்டில் மீடியா கொடெக்; லினக்ஸிலோ இன்ரெல் வகுத்தது ஒன்று, என்விடியா 2008 இல் வகுத்தது இன்னொன்று. ஒரே மென்பொருளை இத்தனை வீடுகளிலும் குடியேற்ற விரும்பும் நிரலாளர் இத்தனை சாவிகளையும் செய்தாக வேண்டும்.

செய்து காட்டியவர்களுள் முதன்மையாக நாம் கருதுவது வி.எல்.சி. என்னும் படக்கருவியை ஆக்கியோரை. பிரான்சின் எக்கோல் சென்ட்ரால் என்னும் பொறியியற் கல்லூரியில் 1996 இல் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. விடுதியின் வலையமைப்பு மந்தமானது. விளையாடுவதற்கு விரைவானதொன்று வேண்டும். அதற்குப் பணம் பெற ஒரு காரணமும் வேண்டும். செய்மதித் தொலைக்காட்சியை வலையமைப்பு வழியே அறைதோறும் அனுப்புவோம் என்று புறப்பட்டார்களாம். (மாணவர் குறும்பு எந்நாட்டிலும் ஒன்றே போலும்.) 2001 பெப்ரவரியில் அந்நிரல் எவரும் எடுத்தாளத்தக்க உரிமத்தில் வெளியாயிற்று. மாணவர்கள் வீதியோரக் கூம்புகளைச் சேர்த்து வைத்திருந்த பழக்கமே அதன் செம்மஞ்சட் கூம்புச் சின்னமாயிற்று. இன்று இலாப நோக்கற்ற சங்கமொன்று அதனை நடத்துகின்றது. விளம்பரம் கிடையாது, விலையும் கிடையாது. பதிவிறக்கங்கள் அறுநூறு கோடியைக் கடந்தன என 2025 ஜனவரியில் அறிவித்தனர்.

2018 பெப்ரவரியில் வந்த மூன்றாம் பதிப்பே நம் பொருளுக்கு உரியது. அதில், முன்கூறிய மின்சுற்றைத் தானே தேடிப் பயன்படுத்தும் வழக்கம் எல்லாத் தளங்களுக்கும் இயல்பாக்கப்பட்டது. இதன் பின்னாலுள்ள உழைப்பை எண்ணிப் பாருங்கள். மனிதர் எழுதும் மூலநிரல் ஒன்றே. அதனைப் பொறி விளங்கும் கட்டளைகளாக மாற்றவேண்டும். மேசைக் கணினியின் செயலிக்கு ஒரு மொழி, தொலைபேசியின் செயலிக்கு வேறு மொழி. வி.எல்.சி. குழுவினர் விண்டோஸுக்குரிய கட்டை லினக்ஸ் கணினியிலிருந்தபடியே ஆக்குகின்றனர். தான் பேசாத மொழியில் ஒரு பொறி மற்றொன்றுக்கு நூல் எழுதித் தருவது போன்றது இது. நாள்தோறும் மாறும் நிரலை இரவு தோறும் தன்னியக்கமாகக் கட்டிப் பார்க்கின்றனர். ஒரு தளத்துக்காகச் செய்த திருத்தம் மற்றொரு தளத்தைக் கெடுத்திருந்தால் காலையிலேயே வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சுற்று அவிழ்த்த படம் காட்சிச் சில்லின் நினைவகத்திற் கிடக்கும். அதனை மைய நினைவகத்துக்கு இழுத்து, மீண்டும் திரைக்காகக் காட்சிச் சில்லுக்கே அனுப்பினால் ஈட்டிய பயனில் ஒரு பகுதி வீணாகும். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரவேண்டிய பொதியை மருதானைக்கு அனுப்பிப் பெறுவதை ஒத்தது அது. கிடந்த இடத்திலிருந்தே நேரே திரைக்குச் செலுத்துவதே நிரலாளரின் திறமை. சுற்றை இயக்கும் துணைநிரல் பழுதானால், ஆசிரியரின் முகத்துக்குப் பதில் வெறும் பச்சைத் திரை தோன்றுவதும் உண்டு. அப்போது வெட்கமின்றி மையச் செயலியிடமே திரும்பத் தெரிந்திருத்தலும் நல்ல மென்பொருளுக்கு இலக்கணமாம்.

பழைய பொறிகளுக்கு ஓர் எல்லை இருப்பதையும் மறைத்தலாகாது. சில்லிற் செதுக்கப்பட்டது செதுக்கப்பட்டதே. பின்னர் பிறந்த முறையை அது கற்றுக்கொள்ளாது. 2018 இல் வந்த ஏ.வி.1 முறை அதற்கு முந்திய கணினிகளின் சுற்றுக்குத் தெரியாது. அவற்றையும் கைவிடலாகாது என்று அதே சங்கத்தார் அவ்வாண்டு டிசெம்பரில் டாவிட் என்னும் அவிழ்நிரலை வெளியிட்டனர். அதன் பெரும்பகுதி, செயலியின் அடிப்படைக் கட்டளைகளிலேயே, வகைக்கு வகை, கையால் எழுதப்பட்டது. இது பொற்கொல்லர் வேலைக்கு நிகரான பொறுமை என்பது எம் கருத்து.

எனவே காணொளி தடுமாறினால், கணினியை விற்கும் முன் வி.எல்.சி.யின் விருப்பத்தெரிவுகளில் உள்ளீடு, கொடெக் என்ற பகுதியைத் திறந்து, வன்பொருள் வழி அவிழ்த்தல் தன்னியக்கமாக உள்ளதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் ஏற்றிவிடுங்கள், பச்சைத் திரை வந்தால் அணைத்துப் பாருங்கள். அதன் பின்னும் புதியது வாங்கவே வேண்டுமென்றால், யூனிற்றி பிளாஸாவின் படிகளில் ஏறுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் எச்.264, எச்.265, ஏ.வி.1 என்று குறித்துக் கொள்ளுங்கள். இம்மூன்றில் எவற்றை அவிழ்க்கும் சுற்று அச்சில்லில் உண்டு என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பின்னர் விலையைப் பேசலாம்.