மருந்தடிக்கும் கை நமது, உரிமம் யாருடையது?

திருச்சி தென்னூரில் உள்ள எங்கள் அலுவலகத்திற்கு அண்மையில் இளைஞர் ஒருவர் வந்தார். தந்தை தூய்மைப் பணியாளர்; அவர் தனியார் நிறுவனமொன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்தடிப்பவர். ‘இந்த வேலையின் நுட்பம் முழுவதும் எனக்குத் தெரியும். சொந்தமாகத் தொழில் தொடங்க உரிமம் கிடைக்குமா?’ என்பதே அவருடைய கேள்வி. அவர் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரை. சட்டத்தின் விடை, ‘கிடைக்காது’ என்பதாகும். இந்த விடையின் பின்னணியை விளக்குவதும், அதற்குள் நமக்கிருக்கும் வழிகளைக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நஞ்சும் உணவும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டதே காரணம். அத்துயரத்தைத் தொடர்ந்து உருவானது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். அதன் விதிகள் 1971இல் வந்தன. பூச்சிக்கொல்லியை உற்பத்தி செய்யவும் விற்கவும் மட்டுமன்றி, வணிக நோக்கில் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணி செய்யவும் உரிமம் வேண்டும் என்கிறது சட்டத்தின் 13ஆம் பிரிவு. மாநில அரசு நியமிக்கும் உரிமம் வழங்கும் அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது வேளாண்மைத் துறையின் பொறுப்பு.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதை 10ஆம் விதி வரையறுக்கிறது. வேளாண்மையில் பட்டம், அல்லது வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம் வேண்டும். அதனுடன் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், ஹாப்பூரில் உள்ள தானியச் சேமிப்பு நிறுவனம், ஐதராபாத்தில் உள்ள தேசியத் தாவரப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனம் ஆகியவை விதி பெயர் சுட்டும் பயிற்சி நிலையங்கள். அலுமினியம் பாஸ்பைடு போன்ற புகைமூட்ட நஞ்சுகளைக் கையாள, ஒன்றிய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகரின் ஒப்புதல் தனியே தேவை.

இத்தகுதியை நீக்கிவிட வேண்டும் என்று நாம் கோரவில்லை. அலுமினியம் பாஸ்பைடு ஈரம் பட்டால் பாஸ்பின் வாயுவாக மாறும். அதற்கு முறிமருந்து கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தினர் ஒரு வீட்டில் வைத்த எலி மருந்தால் இரு குழந்தைகள் உயிரிழந்தனர். தொழில்நுட்பத் தகுதியை அரசு வகுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 19(6)ஆம் உறுப்பும் அனுமதிக்கிறது.

நம் கேள்வி வேறு. சாக்கடையும் எலியும் கழிவும் சார்ந்த வேலைகளைச் சாதி நம் மக்களின் தலையில் சுமத்தியது. அதே வேலை ‘பெஸ்ட் கண்ட்ரோல்’ என்னும் பெயரில் வருமானம் தரும் தொழிலாக மாறியபோது, உரிமம் பட்டத்தோடு பிணைக்கப்பட்டது. பட்டம் யாரிடம் இருந்ததோ அவர் உரிமையாளரானார். தெளிப்பானைத் தோளில் சுமப்பவர் கூலியாகவே நீடிக்கிறார். படிப்பைக் கேட்கும் சட்டம், நஞ்சைச் சுவாசிப்பவருக்கும் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. அவற்றை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

37ஆம் விதியின்படி, மருந்து தெளிப்பவரை வேலையில் சேர்க்கும் முன்பும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். பதிவேடும் பராமரிக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ் அல்லது கார்பமேட் வகை மருந்தாயின், இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை மருத்துவர் அறிவுறுத்தும்போதெல்லாம் பார்க்க வேண்டும். பாதுகாப்பு உடையை 39ஆம் விதியும், சுவாசக் கவசத்தை 40ஆம் விதியும், தொழிலாளருக்கான பயிற்சியை 42ஆம் விதியும் கட்டாயமாக்குகின்றன. எங்களிடம் வந்த இளைஞருக்கு ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட இரத்தப் பரிசோதனை நடந்ததில்லை. முகத்தில் கட்டிக்கொள்ளும் கைக்குட்டையே அவருடைய கவசம்.

விபத்து நேரும்போது, ‘மருந்தடித்தவன் செய்த தவறு’ என்று நிறுவனங்கள் கைகழுவ முனைவதுண்டு. ஆனால் ‘பூச்சிக்கட்டுப்பாட்டாளர்’ என்ற சொல்லுக்கு விதிகள் தரும் விளக்கத்தில், பணி செய்பவர் மட்டுமல்லர், அவர் யாருடைய கட்டுப்பாட்டில் செய்கிறாரோ அந்த நிறுவனமும் அடங்கும். நிறுவனம் குற்றமிழைத்தால் அதன் பொறுப்பில் இருந்தவரும் தண்டனைக்குரியவர் என்கிறது 33ஆம் பிரிவு. தொழிலாளரின் சார்பில் நிற்கும் ஒவ்வொருவரும் இவ்விரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, மாணவர்களுக்கு. பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி உள்ளிட்ட கல்லூரிகளில் வேதியியல் பயிலும் நம் பிள்ளைகள், 15 நாள் பயிற்சி முடித்தால் உரிமத்திற்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவர். ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளரும் பட்டமுள்ள மாணவரும் கூட்டாளிகளாகச் சேர்ந்தால், தகுதியும் நுட்பமும் ஒரே நிறுவனத்தில் அமையும். முதலீட்டிற்கு, தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு.

இரண்டாவது, விண்ணப்பித்தவர்களுக்கு. மறுப்பை எழுத்து வடிவில், காரணத்துடன் கேட்டுப் பெறுங்கள். 15ஆம் பிரிவின் கீழ் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதன் பின் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.

மூன்றாவது, செயற்பாட்டாளர்களுக்கு. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள்: உங்கள் மாவட்டத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் எவை? 37ஆம் விதிப்படியான மருத்துவப் பதிவேடுகள் எப்போது ஆய்வு செய்யப்பட்டன?

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கையும் எளியது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் பயிற்சிக் கட்டணத்தைத் தாட்கோ ஏற்க வேண்டும். நீண்ட அனுபவமுள்ள தொழிலாளர் தேர்வெழுதித் தகுதி பெறும் வழியை ஒன்றிய அரசு விதிகளில் சேர்க்க வேண்டும். நலிந்த பிரிவினரின் கல்வி, பொருளாதார நலன்களைத் தனிக் கவனத்துடன் வளர்க்குமாறு 46ஆம் உறுப்பு அரசைப் பணிக்கிறது.

அந்த இளைஞரின் தங்கை இவ்வாண்டு இளநிலை வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. இருவரையும் ஒன்றாக அமரவைத்து விண்ணப்பத்திற்கான ஆவணப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தோம். அண்ணனின் இரத்தப் பரிசோதனைக்கான கோரிக்கைக் கடிதத்தையும் அன்றே எழுதினோம். உரிமம் வர நாளாகலாம். பரிசோதனை அதுவரை காத்திருக்கக் கூடாது.