சட்டாம்பிள்ளை மட்டும் போதுமா?

கல்லூரிப் பாடத்தில் ஒரு பகுதியைக் கைப்பேசியில் பார்த்துப் படி, மறு பகுதியை வகுப்பிலே வந்து கேள் என்கிறார்கள். இதற்குக் கலப்புமுறைக் கல்வி என்று பெயர். பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே திங்களில் வெளியிட்ட வரைவுக் குறிப்பிலே, ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்று கூறிற்று. 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்', 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' ஆகியவற்றின் வழியாகவும் இணையப் பாடங்கள் நம் கல்லூரிகளுக்குள் வந்துவிட்டன.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான்! சுரண்டை அரசுக் கல்லூரி மாணவனும் ஐ.ஐ.டி. பேராசிரியரின் விரிவுரையைக் கேட்கலாம் என்றால் அதை வேண்டாம் என்று நாம் சொல்வோமா? ஆனால், தோழர்களே, அந்த விரிவுரையை அவன் எங்கே உட்கார்ந்து கேட்கிறான் என்று பார்க்க வேண்டாமா?

ஆலங்குளத்திலும் கடையத்திலும் பீடி சுற்றும் தாய்மாரின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் வேலைக்குப் போகும் அண்ணனின் சட்டைப் பையில். கல்லூரியிலிருந்து திரும்பிய மகள் அம்மாவுக்குத் துணையாகத் தட்டை மடியில் வைத்தால், எழுந்திருக்க இரவாகிறது. அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஓடும் ஒரு மணி நேர விரிவுரை. புரியவில்லை என்றால் யாரைக் கேட்பாள்? அப்பா பள்ளி வாசலோடு நின்றவர். அம்மா அதையும் மிதிக்காதவர். கைப்பேசி பேசும், கேட்டால் பதில் சொல்லுமா?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு, அண்ணன் உண்டு, மாமா உண்டு. நம் பிள்ளைக்கு? நம் பிள்ளைக்கு இன்னொரு நம் பிள்ளைதான் உண்டு! ஆகவேதான் சொல்கிறோம்: கலப்புமுறைக் கல்வி ஏழைக்குப் பயன்பட வேண்டுமானால், மாணவர்களைக் குழுக்களாக்கி, ஒருவருக்கொருவர் துணையாகப் படிக்க வைக்க வேண்டும்.

இது மேல்நாட்டுப் புதுமை என்று எவரும் மிரள வேண்டாம். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் நாட்டுப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையைத் தம் விடுதியில் கையாண்டார். 1797-இல் லண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்தெங்கும் அது பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலே, அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே பெயர்! நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கடல் கடந்து பெற்ற பெயர் அது.

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியுமா? அந்தத் திண்ணையில் எல்லாரும் ஏற முடிந்ததா? சேரிப் பிள்ளை தெருவில்தானே நின்றான்! இங்கிலாந்திலே நடந்தது என்ன? ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மலிவாக மேய்க்கும் வழியாக அதை ஆக்கினார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர், ஏழைப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்றாயிற்று.

இந்த இரண்டு பாடங்களையும் நாம் மறக்கக் கூடாது. 40 விழுக்காடு இணையத்தில் நடக்கிறது, மீதியை மாணவர் தமக்குள் பார்த்துக்கொள்வர், எனவே பேராசிரியர் இடங்களை நிரப்ப வேண்டியதில்லை என்று எவரேனும் கணக்குப் போட்டால், அது கல்வியல்ல, ஆட்குறைப்பு! ஆலையிலே அதை எதிர்க்கும் தொழிலாளி, கல்லூரியிலும் எதிர்க்க வேண்டும்.

சரி, குழு எப்படி நடக்க வேண்டும்? ஐந்து பேர் ஒரு குழு. விரிவுரையை வீட்டிலோ, கைப்பேசி உள்ள தோழியோடு சேர்ந்தோ முன்கூட்டியே பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பிலே ஆசிரியர் கேள்வி ஒன்றைப் போடுவார். முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியே விடை எழுத வேண்டும். பிறகு ஐவரும் கூடி வாதாடி ஒரு விடைக்கு வர வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களிலே கையாண்ட முறையும் இதற்கு நெருங்கியதுதான். நேற்றுப் புரிந்துகொண்டவனுக்கு, எங்கே இடறினோம் என்பது இன்னும் நினைவிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன் புரிந்துகொண்ட பேராசிரியருக்கு அது மறந்திருக்கும். அவன் சொன்னால் இவனுக்கு ஏறுவது அதனால்தான். பட்டறையிலே பையனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது முதலாளியா? பக்கத்தில் நிற்கும் தொழிலாளி அல்லவா!

ஒருவன் உழைக்க நால்வர் உறங்குவார்களே என்ற ஐயம் எழலாம். அதற்காகத்தான் தனித்தேர்வு முதலில், குழுத்தேர்வு பிறகு. இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. குழுவின் சார்பில் யாரை வேண்டுமானாலும் ஆசிரியர் எழுப்பிக் கேட்கலாம். தலைமை வாரந்தோறும் மாற வேண்டும். நிரந்தரச் சட்டாம்பிள்ளை வேண்டாம்!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: குழுவை மாணவர் தாமே சேர்த்துக்கொள்ள விடக்கூடாது, ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். ஏன்? இது நெல்லைச் சீமை. கையில் கட்டும் கயிற்றின் நிறத்திலே சாதியைக் காட்டிய கொடுமையைக் கண்ட மண். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிறு கூடாது, மாணவரை அகரவரிசையில் அமர வைக்க வேண்டும் என்று 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அகரவரிசையில் அமர்ந்தால் மட்டும் போதாது, ஒரே கணக்கை ஐவரும் சேர்ந்து போட வேண்டும். ஒருவன் விடை பிழைத்தால் ஐவருக்கும் மதிப்பெண் குறையும் என்று வந்துவிட்டால், அவனுக்குச் சொல்லித்தராமல் இருக்க முடியுமா?

குற்றாலத்துக்கு இது புதிதுமல்ல. நெல்லையிலே வட்டத்தொட்டி என்று நண்பர்களைக் கூட்டி, கவிதையைச் சேர்ந்து சுவைத்த ரசிகமணி டி.கே.சி. தம் இறுதிக் காலத்தைக் கழித்தது குற்றாலத்திலேதான். கம்பனைப்பற்றி அவர் கருத்து வேறு, நம் கருத்து வேறு. ஆனால் கூடிப் படித்தால் சுவை கூடும் என்பதில் வேறுபாடில்லை. அதே ஊரில் கோயிலின் சார்பிலே 1964-இல் எழுந்த பராசக்தி மகளிர் கல்லூரியில் எத்தனையோ பெண்கள் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாயினர்.

கழகத் தோழர்களே! முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது. நம் ஊர்ப் படிப்பகங்கள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறவுங்கள். ஒரு மேசை, ஐந்து நாற்காலி, நல்ல விளக்கு, இணைய இணைப்பு, பெண்கள் அச்சமின்றி வந்துபோக ஒரு மூத்த அம்மையாரின் காவல். இவ்வளவு போதும். கல்லூரியில் ஆசிரியர் இடத்தை நிரப்பு என்று அரசிடம் கேட்போம். மாலையில் ஐவர் கூடிப் படிக்கும் இடத்தை நாமே தருவோம்!