ஒலிப்பதிவில் சமனாக்கியும் ழகர ஆராய்ச்சியும்

வட்டார வழக்குகளையும் நாட்டுப்புறப் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்து ஆராய்வோர், கருவியின் முகப்பிலுள்ள சமனாக்கிக் குமிழ்களின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். ஈக்வலைசர் என வழங்கும் இவ்வமைப்பு செவியின்பத்திற்கு மட்டும் உரியதன்று. அதனைத் திருப்பும் கை, ஆராய்ச்சிச் சான்றையே மாற்றிவிடக் கூடும்.

பேச்சொலி பல அதிர்வெண்களின் தொகுதி. அவற்றுள் வேண்டிய பகுதியை உயர்த்துவதும் தாழ்த்துவதுமே சமனாக்கியின் தொழில். பேஸ், டிரெபிள் என்னும் இரு குமிழ்கள் இதன் எளிய வடிவம். சில கருவிகளில் 10 அல்லது 31 பகுதிகளுக்குத் தனித்தனி நழுவுகோல்கள் உண்டு. வேறு சிலவற்றில் நடு அதிர்வெண்ணையும் பகுதியின் அகலத்தையும் நாமே குறிக்கலாம். 6 டெசிபெல் உயர்த்தினால் அப்பகுதியின் அலைவீச்சு ஏறத்தாழ இருமடங்காகும். அங்குள்ள இரைச்சலும் உடன் பெருகும்.

பழைய ஒலிநாடாக்களுக்குக் குமிழ்களின் வேறான ஒரு சமன்முறையும் உண்டு. நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் அமெரிக்க வரையறை 50 மைக்ரோநொடி. ஐரோப்பியரிடைப் பெரிதும் வழங்கிய வரையறை 70. முன்னதில் பதிந்த நாடாவைப் பின்னதற்குரிய கருவியில் இயக்கின், உயர் அதிர்வெண்கள் 3 டெசிபெல் அளவு மிகுந்து ஒலிக்கும். குமிழைத் தொடாதவர்க்கும் இப்பிழை நேரும் என்க.

இனி ழகரத்திற்கு வருவோம். தொல்காப்பியப் பிறப்பியல் ரகர ழகரங்களை ஒரு நூற்பாவிலும் லகர ளகரங்களை மற்றொன்றிலும் வைத்தது. இன்றைய ஒலியியலார் ழகரத்தின் தனி அடையாளமாக, அதன் மூன்றாம் ஒத்ததிர்வு தாழ்ந்து இரண்டாவதை நெருங்குதலைக் காட்டுவர். ழகரம் ளகரமாகிவிட்ட வழக்கா, இரண்டிற்கும் இடைப்பட்டதா என்று தீர்ப்பதற்கு 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி இன்றியமையாதது. சொல் தெளிவுக்கென ஒலிப்பதிவாளர் பெரும்பாலும் உயர்த்துவதும் இப்பகுதியையே! அங்ஙனம் உயர்த்தினால் முகடுகளின் ஒப்பு வலிமை மாறும்; குறுகிய பகுதியை மிக உயர்த்தினால் முகட்டின் இடமே சிறிது பெயர்ந்து அளவிடப்படும். அப்பதிவைக் கேட்டு, 'இவ்வூரில் ழகரம் வாழ்கிறது' என எழுதுவார் கூற்றை எங்ஙனம் ஏற்பது?

மாறாக, பதிவில் இல்லாததைச் சமனாக்கி படைத்துத் தாராது. 1925-இல் மின்முறைப் பதிவு வருமுன், கூம்புக் குழலின்வழிப் பதிந்த இசைத்தட்டுகளில் உயர் அதிர்வெண்கள் மிக மெலிந்தே உள்ளன. அவற்றில் சகரத்தின் உரசலைத் தேடி டிரெபிளை உயர்த்தினால், ஊசியின் உராய்வொலியே உரசலாகக் கேட்கும்.

களத்தில் கொள்ளத்தக்க விலக்கு ஒன்றுண்டு. காற்றின் மோதலும் ஒலிவாங்கியைக் கையாளும் அதிர்வும் தாழ் அதிர்வெண்ணில் வலிமிக்கவை. கருவியின் தாங்கும் எல்லையை மீறிப் பேச்சையும் சிதைக்கும். அச்சிதைவு பின்னர்த் திருத்த முடியாதது. எனவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டும் வடிகட்டியை இடலாம். ஆடவர் குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் பொதுவாக இதற்கு மேற்பட்டதே. மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் முரலும் இதனால் ஓரளவு தணியும்.

ஏனைய குமிழ்கள் யாவும் நடுநிலையில் நிற்க. மாணவர் கேட்டு எழுதுதற்கு வேண்டுமாயின் படியொன்றெடுத்து அதனைத் திருத்துக. எப்பகுதியை எத்தனை டெசிபெல் மாற்றினோம் என்பதை உறைமேல் எழுதுக. ஒத்ததிர்வுகளை அளத்தல் மூலப்பதிவில் மட்டுமே நிகழ்தல் வேண்டும்.