முயலுக்குப் புற்றுநோய்: எதில் அவசரம், எதில் நிதானம்

முயல் வளர்க்கும் வீட்டில் முதல் தடயம் பெரும்பாலும் காலையில் தட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் கண்ணில் படும். விரித்துவைத்த செய்தித்தாளில், வழக்கமான வெண்மஞ்சள் கறைக்கு நடுவே சிவப்பாக ஒரு திட்டு. பீட்ரூட் தின்றிருக்கும் என்று நினைத்துத் தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறோம். சில சமயம் அந்த நினைப்பு சரியாகவும் இருக்கும். உணவிலுள்ள நிறமிகளால் முயலின் சிறுநீர் ஆரஞ்சாகவோ செம்பழுப்பாகவோ மாறுவது உண்டு. அப்படி மாறினால் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். வெளிறிய சிறுநீரில் தனியாக இரத்தத் திட்டோ உறைந்த துணுக்கோ தெரிந்தால் அந்தத் தாளை எறியக்கூடாது. செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, தாளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சிறு பட்டை, அது இரத்தமா நிறமியா என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

கருத்தடை செய்யாத, மூன்று வயதைத் தாண்டிய பெண் முயலாக இருந்தால் இதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். பெண் முயல்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் கருப்பைப் புற்றுநோய். 1930களிலும் 40களிலும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஹாரி கிரீன் தம் முயல் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து, வயது ஏற ஏற இந்த நோய் பெருகுவதைப் பதிவுசெய்தார். நான்கு வயதுக்கு மேற்பட்ட பெண் முயல்களில் சில இனங்களில் நூற்றுக்கு 50 முதல் 80 வரை இது காணப்படும் என்று கால்நடை மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. இவ்வளவு பரவலான நோய் நம் ஊரில் ஏன் பேச்சிலேயே அடிபடுவதில்லை? தமிழ்நாட்டில் முயல் என்பது நெடுங்காலமாகப் பண்ணை விலங்கு. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வழியாகப் பரவிய வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்றவை இறைச்சிக்காக வளர்க்கப்பட்டவை. இறைச்சி முயல் சில மாதங்களில் விற்கப்பட்டுவிடும். தாய் முயலும் ஈற்று குறைந்ததும் கழிக்கப்பட்டுவிடும். புற்றுநோய் வரும் வயதுவரை அங்கே எந்த முயலும் உயிரோடு இருப்பதில்லை. அதே முயல் வீட்டுக்குள் வந்து எட்டு, பத்து ஆண்டுகள் வாழும்போதுதான் இந்த நோய் தலைகாட்டுகிறது. பண்ணை அனுபவம் மட்டுமே உள்ள மருத்துவர் இதைத் தவறவிட இடமிருப்பதும் இதனால்தான்.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் கை கால் ஓடாது. அன்றைக்கே அறுவை செய்யச் சொல்லி ஒருவர் அழுவார், அன்றைக்கே முடித்துவிடலாம் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுக்கும் அந்த நேரத்தில் அவசியம் இருக்காது. கட்டி, பொதுவாக யோசிக்க நாள் கொடுக்கும். வயிறு மணிக்கணக்குத்தான் கொடுக்கும். முயலின் குடல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டிய உறுப்பு. வலியாலோ பயத்தாலோ முயல் தீனியை நிறுத்திவிட்டால் குடல் நின்றுபோகும், வாயு கட்டும், ஈரலில் கொழுப்பு சேரும். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருக்கும் முயல் அவசர நோயாளி. புற்றுநோய் கண்ட முயல்களில் சில, புற்றுநோய் முற்றுவதற்கு முன்பே பட்டினியால் போய்விடுகின்றன. என்னைப் பெரிதும் உறுத்துவது இதுதான், ஏனென்றால் இது வீட்டிலேயே தடுக்கக்கூடியது. நோய் தெரிந்த நாளிலிருந்து புழுக்கையைத் தினமும் பாருங்கள். உருண்டையாக, கொண்டைக்கடலைக்குக் கொஞ்சம் சிறியதாக, நார் தெரியும்படி இருந்தால் நல்லது. சிறுத்து, கறுத்து, எண்ணிக்கை குறைந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நிதானம் வேண்டியது முடிவெடுப்பதில். தடவிப் பார்த்து அகப்படும் கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல. முயலுக்குச் சீழ்க்கட்டி மிகச் சாதாரணம். அதன் சீழ் நீராக இராமல் பற்பசைபோல் கெட்டியாக இருப்பதால் தொட்டால் திடமான கட்டியாகவே தோன்றும். தாடையில் வருவது பெரும்பாலும் பல்வேரிலிருந்து கிளம்புவது. தோலில் வரும் கட்டிகளில் பல தீங்கற்றவை. ஊசியால் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். நெஞ்சுக்குள் வரும் தைமஸ் கட்டியில் இரண்டு கண்களும் ஒரேயடியாக வெளியே துருத்தும், மூச்சு வாங்கும். அது கண் நோய் என்று சொட்டுமருந்தோடு நாள் கடப்பதும் நடக்கிறது.

கருப்பைப் புற்றுநோய் கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது கருப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிட்டால் பல முயல்கள் நலமாக வாழ்கின்றன. நுரையீரலுக்குப் பரவிவிட்டால் அறுவையால் பலன் குறைவு. அதனால் கத்தி வைப்பதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் கேட்டுப் பெறவேண்டியவை. அறுவைக்குப் பிறகும் சில மாத இடைவெளியில் எக்ஸ்ரே தேவைப்படும். எடுத்த கருப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், அறிக்கையை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்தின் ஆபத்தை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் மயக்க மருந்தை ஒட்டிய இறப்பு முயல்களில் நூற்றுக்கு 1.39 ஆக இருந்தது, நாய்களில் 0.17. நோயற்ற முயல்களை மட்டும் எடுத்தால் 0.73. அந்த இறப்புகளில் பெரும்பாலானவை அறுவை முடிந்த பின்னரே நடந்தன. ஆகவே அறுவை முடிந்த பின் முயலை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது முக்கியமான கேள்வி. இன்னும் சில கேட்கலாம்: முயலுக்கு இதுவரை எத்தனை கருப்பை அறுவை செய்திருக்கிறீர்கள்? முந்தின இரவு பட்டினி போடச் சொல்வீர்களா? முயலால் வாந்தி எடுக்க முடியாது. நாய்க்கும் பூனைக்கும் போடுவது போன்ற நீண்ட பட்டினி அதற்குத் தேவையில்லை, கெடுதலும்கூட. வலிக்கு எத்தனை நாள் மருந்து தருவீர்கள்? வாய்வழியாக எந்த ஆன்டிபயாடிக்? அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து அதுவே உயிரை எடுத்துவிடும். நாய்களுக்கு உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சு. இப்படிக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். முயல் அனுபவம் தமக்கு இல்லை என்றால் சொல்லி வேறிடம் அனுப்புவார். அப்படி அனுப்புகிறவரை நான் மிகவும் மதிக்கிறேன். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளும் இரண்டாவது கருத்துக்கு நாடத்தக்க இடங்கள்.

“முயல்தானே, ஐந்நூறு ரூபாய்க்கு இன்னொண்ணு வாங்கிக்கலாமே” என்று உறவினர்கள் சொல்வார்கள். சட்டம் விலையைப் பார்ப்பதில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒரு விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. பசியாலோ தாகத்தாலோ வாடும்படி கைவிடுவது 11-ஆம் பிரிவின்படி குற்றம். நோய்ப்பட்ட முயலைப் பூங்காவிலோ கோயில் நந்தவனத்திலோ விட்டுவருவது அதற்கு விடுதலை ஆகாது. நாயும் காக்கையும் அதை ஓர் இரவு தாங்கவிடாது.

உங்களுக்கும் உரிமைகள் உண்டு. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டப்படி பதிவுபெற்ற மருத்துவரே சிகிச்சைத் தொழில் செய்யலாம். செல்லப்பிராணிக் கடைக்காரர் ஊசி போடுவதும், உதவியாளர் கட்டியைக் கீறிவிடுவதும் அதற்குப் புறம்பானவை. பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைதான். முயல் இறந்ததே கவனக்குறைவுக்குச் சான்று ஆகிவிடாது. தவறான மருந்து, கேட்காமல் செய்த அறுவை, மறைத்த ஆபத்து போன்றவற்றைக் காட்டவேண்டும். அதற்கு மருந்துச் சீட்டு, ரசீது, ஸ்கேன் படம், சம்மதப் படிவத்தின் நகல் எல்லாம் கையில் இருக்கவேண்டும். சந்தேகம் இருந்தால் உடலைப் புதைப்பதற்கு முன்பே பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை உடலைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும், ஃப்ரீசரில் உறையவைக்கக் கூடாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சைக்கு இந்த வழி பொருந்தாது. மருத்துவரின் நடத்தையைப் பற்றிய புகார் மாநிலக் கால்நடை மருத்துவக் குழுவுக்குப் போகவேண்டும்.

ஆபத்தான இன்னொரு கூட்டம் செல்பேசி வழியாக வருகிறது. கட்டியைக் கரைக்கும் பொடி, புற்றை அழிக்கும் சாறு என்று விற்கிறார்கள். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது. புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. மருந்து என்று அது சொல்வதில் விலங்குகளுக்கான மருந்தும் அடங்கும். விளம்பரத்தைப் படம் எடுத்து மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்பலாம். பணத்தைவிடப் பெரிய இழப்பு, கசப்புச் சாற்றைப் புகட்டிப் புகட்டி முயலின் வாயை மூடவைத்துவிடுவதுதான்.

அறுவை இயலாது என்று தெரிந்த பிறகும் செய்ய நிறைய இருக்கிறது. முயல் வலியைக் காட்டாது. வேட்டையாடப்படும் விலங்கின் இயல்பு அது. ஆனால் முகம் காட்டிக்கொடுக்கும். 2012-இல் ஆய்வாளர்கள் முயலின் முகத்திலிருந்து வலியை மதிப்பிட ஓர் அளவுகோல் வகுத்தார்கள்: கண் இடுங்குவது, கன்னம் தட்டையாவது, மூக்கு கூர்மையாவது, மீசைமயிர் விறைப்பது, காது உடலோடு ஒட்டி மடங்குவது. இதோடு பல்லை நறநறவென்று கடிப்பதும் கூனிக் குந்துவதும் சேர்ந்தால் வலிதான். மெலாக்சிகாம் போன்ற வலிமருந்தை மருத்துவர் முயலின் எடைக்குக் கணக்கிட்டுத் தருவார். வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். தின்ன மறுத்தால் பெல்லட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, மைய அரைத்து, கடைவாய் ஓரமாகச் சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். விழுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து. குடல் அடைத்துக்கொண்டிருந்தால் இது கெடுதல் என்பதால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அருகம்புல், கொத்தமல்லித் தழை என்று வாசனையுள்ளதை மூக்கருகே வையுங்கள்.

பலவீனமான முயலால், வழக்கமாகக் குனிந்து தின்னும் தன் மென்மையான இரவுப் புழுக்கையைத் தின்ன முடியாது. அது பின்புற மயிரில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். நம் வெக்கையில் ஈ மொய்த்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் தூக்கிப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்த்திவிடவேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அறை 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலிமருந்துக்கும் அடங்காத வலி, மூச்சுத் திணறல், நாள்கணக்கில் தீனி மறுப்பு என்று வந்தால் கருணைக் கொலையைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அதில் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை. முதலில் மயக்க ஊசி போட்டு முழுதும் தூங்கவைத்த பிறகே கடைசி ஊசி போடச் சொல்லுங்கள்; உடன் இருக்க விரும்பினால் இருங்கள். வீட்டுக் குழந்தைகளிடம் “ஊருக்குப் போயிருக்கு” என்று பொய் சொல்லாதீர்கள். அவர்கள் நாளும் தீனி வைத்த உயிர் அது.

ஜோடியாக வளர்ந்திருந்தால் மற்ற முயலை உடலின் அருகே ஒரு மணி நேரமாவது விடுங்கள். அது மோந்து பார்க்கும், நக்கும், பிறகு விலகிப் போகும். பார்க்கவிடாமல் உடலை எடுத்துவிட்டால் சில முயல்கள் நாள்கணக்கில் துணையைத் தேடித் தீனியை விட்டுவிடும். அடுத்த ஒரு வாரம் அதன் புழுக்கையையும் பாருங்கள். மிஞ்சியது கருத்தடை செய்யாத பெண் முயலாக இருந்தால், அதே மருத்துவரிடம் அதற்கும் ஒரு ஸ்கேனுக்கு நாள் வாங்கிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் கருப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிட்ட முயலுக்குக் கருப்பைப் புற்றுநோய் வராது. வயது கூடியிருந்தாலும், கட்டி இன்னும் வராத கருப்பையை எடுப்பது, வந்ததை எடுப்பதைவிட எளிது.