பிடிக்கும் என்றால், ஏன் என்று சொல்லுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கு தமிழ் சினிமாவுக்குக் கொடுத்ததைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கொடுத்ததில் நமக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று இனி பேசலாம்.

பெரியகுளம் பக்கம் சினிமாப் பேச்சு எடுத்தால், ஐந்தே நிமிடத்தில் அது ஊர்ப் பெயர்களில் வந்து நிற்கும். பூண்டு வியாபாரத்துக்குப் பேர்போன வடுகபட்டி, வைரமுத்து வளர்ந்த ஊர். தேனி அல்லிநகரம், பாரதிராஜாவின் ஊர். அங்கிருந்து தெற்கே உத்தமபாளையம் வட்டாரத்தில் இருக்கும் பண்ணைப்புரம்தான் இளையராஜாவும் கங்கை அமரனும் பிறந்த மண். 'சேது', 'பிதாமகன்' எடுத்த பாலாவும் தேனி மாவட்டத்துக்காரர்தான். ஒரே மலையடிவாரத்தில் இத்தனை பேரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும், நியாயம்தான்.

என் ஆதங்கம் அதற்குப் பிறகு வருவதைப் பற்றியது. "ராஜா ராஜாதான்" என்று ஒருவர் சொல்வார். "அதுல என்னண்ணே சந்தேகம்" என்று பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். டீ கிளாஸ் காலியாகும், பேச்சும் முடிந்துபோகும். எந்தப் பாட்டு, அதில் எந்த இடம், ஏன் பிடித்தது என்று கேட்க ஆளில்லை. 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியது வரை ஒருவர் அரை நூற்றாண்டாக இசை எழுதியிருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அத்தனையும் ஒரே தரத்தில் இருக்க வழியே இல்லை. எல்லாமே பிடிக்கும் என்பவர், ஒன்றையும் நின்று கேட்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஊர்ப்பாசம் ஒரு கலைஞரை நமக்கு அறிமுகம் செய்துவைக்கும். ரசனை என்பது அதற்கப்புறம் நாமே உழைத்துச் சேர்ப்பது.

ஆகவே என் பட்டியலை இங்கே வைக்கிறேன். மூன்று ஆல்பங்கள், இரண்டு படங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

பன்னிரண்டு பாட்டுச் சீட்டு

அதற்கு முன் ஒரு பழைய பழக்கத்தை நினைவுபடுத்த வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டின் எல்லாச் சிறுநகரங்களையும் போல இங்கேயும் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெற்று கேசட்டையும், பாட்டுகளை எழுதிய சீட்டையும் கடையில் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டு ஒன்று நாலரை, ஐந்து நிமிடம் என்று வைத்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து பன்னிரண்டு பாட்டு தேறும்.

அந்தப் பன்னிரண்டில்தான் எல்லாமே இருந்தது. பதின்மூன்றாவது பாட்டைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒன்றை அடிக்க வேண்டும். எதை அடிப்பது என்று யோசிக்கிறபோதே மனசுக்குள் ஒரு வழக்கு நடந்து தீர்ப்பும் வந்துவிடும். கடைக்காரரும் சும்மா இருக்க மாட்டார். "அண்ணே, பி சைடுல நாலு நிமிஷம் மிச்சம் கிடக்கு. நான் ஒண்ணு போடுறேன், கேட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா அடுத்த தடவை அழிச்சுத் தாரேன்" என்பார். அப்படி அவர் போட்டுவிட்ட பாட்டுகளால் ரசனை விரிந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். இன்று போனில் அடுத்த பாட்டு தானாகவே வந்துவிடுகிறது. எதையும் அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதும் இல்லாமல் போய்விட்டது.

தோற்ற படம், ஜெயித்த பாட்டு

என் சீட்டில் முதல் இடம் 'நிழல்கள்' (1980). வைரமுத்து முதன்முதலாகச் சினிமாவுக்கு எழுதிய பாட்டு இதில்தான் வந்தது. இயக்கம் பாரதிராஜா, இசை இளையராஜா, பாடலாசிரியர்களில் கங்கை அமரனும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கின் நான்கு பேர் ஒரே படத்தில் கூடியிருக்கிறார்கள். கூடி எடுத்தது கிராமத்துக் கதை அல்ல, பட்டணத்தில் வேலையில்லாமல் அலையும் இளைஞர்களின் கதை. படம் ஓடவில்லை. ஓடாததற்குக் காரணமும் எனக்குப் புரிகிறது. துயரம் மேல் துயரமாக அடுக்கிக்கொண்டே போவதால், ஒரு கட்டத்துக்கு மேல் பார்ப்பவர் விலகி உட்கார்ந்துவிடுகிறார்.

பாட்டுகள் அப்படியில்லை. கதை தர மறுத்த நம்பிக்கையை அவை தருகின்றன. குறிப்பாக, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய 'மடை திறந்து'. இசையமைப்பாளனாக வேண்டும் என்று கனவு காணும் பாத்திரத்துக்காக வாலி எழுதியது. அந்தப் பாட்டுக் காட்சியில் இளையராஜாவே தோன்றுகிறார். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போய், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, பிறர் இசைக்குழுக்களில் கிடார் வாசித்துக் காத்திருந்த ஒருவர், காத்திருப்பவனுக்காகப் போட்ட மெட்டு இது. தாளம் முன்னே தள்ளுகிறது, குரல் மூச்சு வாங்க இடமில்லாமல் அதன் மேல் ஏறிக்கொண்டே போகிறது. வாய்ப்புக்காகக் காத்திருந்தவனின் அவசரம் அதில் அப்படியே கேட்கிறது. ராஜாவின் சுயசரிதைக்கு மிக அருகில் இருக்கும் பாட்டு இதுதான் என்பது என் கருத்து.

இரண்டாவது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986). வார்த்தையே இல்லாத ஆல்பம். தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியது. தனி வயலின், வி.எஸ். நரசிம்மன். அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவில் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்த சிறுவன், பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, எங்கே வந்து நின்றார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியைக் கேளுங்கள். பாக் தனி வயலினுக்காக எழுதிய ஒரு முகப்பு இசை ஓடிக்கொண்டிருக்கும். அதை மாற்றாமல், மறைக்காமல், சுற்றிலும் தன் வரிகளை எழுதிச் சேர்க்கிறார் ராஜா. பெரியவர் பேசும்போது குறுக்கே விழாமல், சரியான இடத்தில் தன் பேச்சைச் சேர்க்கிற பண்பு அதில் இருக்கிறது.

பாடலே இல்லாத 'வீடு' (1988) படத்துக்கு பாலு மகேந்திரா இந்த ஆல்பத்தின் இசையையே பின்னணியாக எடுத்துக்கொண்டார். கட்டி முடியாத வீட்டுக்குள் சொக்கலிங்க பாகவதர் நடந்து, சுவரைத் தடவிப் பார்க்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, இந்த இசை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். ராஜா பாட்டு ஒலிக்காத டீக்கடை இல்லை என்று பெருமை பேசும் நம்மூரில் இந்த ஆல்பம் ஒலித்து நான் கேட்டதில்லை. அந்தக் குறையை நாம் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'கருத்தம்மா' (1994). ராஜா ரசிகர்கள் பலருக்கு இதில் உடன்பாடு இருக்காது. 'ரோஜா' வந்த அடுத்த வருடமே 'கிழக்குச் சீமையிலே' படத்துக்கு ரஹ்மானை பாரதிராஜா அழைத்தபோது, கம்ப்யூட்டர் வைத்து வாசிப்பவருக்குக் கிராமம் தெரியுமா என்ற கேள்வி இருந்தது. 'கருத்தம்மா' அதற்கு முழுப் பதில். பெண் சிசுக்கொலை என்ற, நம் சுற்றுவட்டாரத்தின் தீராத களங்கத்தைப் பேசிய படம். அதில் ஒரே மெட்டு இரண்டு முறை வருகிறது. முதலில் உன்னி மேனனும் சுஜாதாவும் சந்தோஷமாகப் பாடுவது, பிறகு ஸ்வர்ணலதா தனியாகப் பாடுவது. இரண்டாவதில் வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன, குரல் மட்டும் முன்னே வந்து நிற்கிறது. ஸ்வர்ணலதாவுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது வந்தது. எங்கள் பக்கத்து ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அந்தக் குரலில் பொய் இல்லை என்று தெரிகிறது. மண்ணின் இசையை மண்ணில் பிறந்தவர்தான் தர முடியும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

எங்கள் பேச்சு, யாரோ ஊர் ஆறு

படங்களில் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' (1985) எனக்கு எல்லாவற்றுக்கும் மேல். '16 வயதினிலே' (1977) வரலாற்றைத் திருப்பிப் போட்டது, மறுக்கவில்லை. ஆனால் மனித மனத்தின் உள்ளே போவதில் 'முதல் மரியாதை'தான் ஆழம். யாருமில்லாத நேரத்தில் ஊர்ப் பெரியவர் மலைச்சாமி இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்க்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக வசனம் பேசிக் கைதட்டு வாங்கிய சிவாஜி கணேசன், அங்கே வாயே திறப்பதில்லை. கல் மேலே ஏற ஏற, வயசான ஒரு மனுஷனுக்குள் ஆசையும் கூச்சமும் ஒன்றாக ஏறுவது அந்த முகத்தில் தெரிகிறது. ஒளிந்திருந்து பார்க்கும் பரிசல்காரி குயிலுக்கும் தெரிகிறது. காதலைச் சொல்ல இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை.

படத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. மலைச்சாமியின் மனைவி பொன்னாத்தாளுக்கு நியாயம் கிடைக்கவில்லை. அவளும் ஒருவனால் ஏமாற்றப்பட்டவள்தான். அந்த வலியை ஒரே ஒரு காட்சியில் பேசவிட்டிருந்தால், வடிவுக்கரசியின் அபாரமான நடிப்பு வெறும் வசவாக நின்றிருக்காது. இளையராஜாவுக்கே இந்தப் படம் பிடிக்கவில்லை என்று பாரதிராஜா சொல்லியிருக்கிறார். பிடிக்காத படத்துக்குத்தான் அவர் தன் மிகச் சிறந்த இசைகளில் ஒன்றைக் கொடுத்தார். கருத்து வேறுபாடு வேலையையும் கெடுக்கவில்லை, மரியாதையையும் குறைக்கவில்லை. நாம் பழக வேண்டிய பாடம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். '16 வயதினிலே' மைசூர், கொள்ளேகால் பக்கமும், 'முதல் மரியாதை' தலக்காடு, சிவசமுத்திரம் பக்கமும் எடுக்கப்பட்டவை. குயில் பரிசல் ஓட்டும் ஆறு கர்நாடகத்துக் காவிரி. எங்கள் பக்கத்து வராக நதியில் பரிசல் ஏது? பேச்சு நம்முடையது, கோபமும் வைராக்கியமும் நம்முடையவை, நிலம் மட்டும் வேறு. பாரதிராஜா காட்டியது அவர் நினைவில் இருந்த கிராமத்தை. அதில் தவறில்லை.

நிஜமான நிலத்தைப் பார்க்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' என் இரண்டாவது படம். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். மலைக்கும் அடிவாரத்துக்கும் நடந்தே சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை, சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அதற்காக அவன் சேர்த்த ஏலக்காய் மூட்டை பாதையில் உருண்டு, கிழிந்து, பள்ளத்தில் சிதறிப்போகிறது. போடி ஏல மையத்தில் ஏலக்காய்க்கு விலை சொல்வதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மூட்டை ஒரு குடும்பத்துக்கு என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இயக்குநரும் விளக்கவில்லை. யாரும் மாரடித்து அழவில்லை. மறுபடியும் நடக்கிறார்கள். ராஜாவின் இசையும் பல இடங்களில் ஒதுங்கி நின்று, காற்றையும் காலடியையும் பேசவிடுகிறது. கடைசியில், எப்படியோ வாங்கி இழந்த அதே நிலத்தில் எழுந்த காற்றாலைக்கே ரங்கசாமி காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். நிலம் எப்படிக் கைமாறுகிறது என்பதைத் தமிழில் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

பிடிக்காததையும் சொல்வோம்

பிடிக்காததைச் சொல்லும் துணிச்சலும் வேண்டும். இளையராஜாவின் ஆயிரமாவது படமான 'தாரை தப்பட்டை'யை (2016) இயக்கியவர் பாலா. இரண்டு பேரும் நம் மாவட்டம். பின்னணி இசைக்குத் தேசிய விருது கிடைத்தது, அதற்கு முழுத் தகுதியும் உண்டு. படம் எனக்குப் பிடிக்கவில்லை. கரகாட்டக் கலைஞர்களின் வாழ்க்கையைச் சொல்லக் கிளம்பி, கடைசியில் ஒரு பெண்ணை வதைப்பதையே காட்சியாக்கிவிடுகிறது. இதைச் சொல்வதால் எனக்கு ஊர்ப்பற்று குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. பாலாவின் 'பிதாமகன்' எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதாலேயே இந்தப் படத்தின் மேல் வருத்தம் வருகிறது.

என் பட்டியலை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. 'நிழல்கள்' இடத்தில் 'அலைகள் ஓய்வதில்லை' வர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் நமக்குப் புரியாத புதுப்பாட்டு ஒன்றைப் போட்டால், "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று நிறுத்தச் சொல்லாமல், "இதுல உனக்கு எந்த இடம் பிடிக்குது?" என்று கேளுங்கள். பிறகு உங்கள் பாட்டு ஒன்றைப் போட்டு, உங்களுக்குப் பிடித்த இடத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு ரசனையைக் கைமாற்றிக் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.