லுக்லா: மலைத்தோளில் ஓர் ஓடுபாதை

நேபாளத்தின் சொலுகும்பு மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,845 மீட்டர் உயரத்தில் மலையின் தோள்பட்டை ஒன்றில் அமைந்துள்ள லுக்லா விமான நிலையம், எவரெஸ்ட் பகுதிக்குச் செல்லும் மலையேறிகளுக்கு வாயிலாக இருப்பதோடு, உலகிலேயே ஆபத்தான விமான நிலையம் என்ற பட்டத்தையும் சுமந்து நிற்கிறது. 1964-இல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால், ஷெர்பா மக்களிடமிருந்து வாங்கிய நிலத்தில் உருவாகி, 2001 வரை வெறும் மண்தரையாகவே இருந்து, 2008-இல் டென்சிங், ஹிலாரி இருவரின் பெயரையும் பெற்ற இந்நிலையத்துக்கு அப்பட்டம் முழுதும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. இங்கு நேர்ந்த விபத்துகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால், ஓடுபாதையைக் காட்டிலும் அதைச் சூழ்ந்த மேகமும் காற்றும், அவற்றின் நடுவே நொடிப்பொழுதில் எடுக்கப்படும் முடிவுகளுமே பெரிதாகத் தென்படுகின்றன.

ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். பெரிய நகரங்களின் ஓடுபாதைகள் இதைப்போல் ஐந்தாறு மடங்கு நீண்டவை. இதன் சரிவு 11.7 விழுக்காடு, அதாவது நூறு மீட்டர் சென்றால் தரை பன்னிரண்டு மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடும் என்பதால், கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் இடையே சுமார் 60 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. காண்போரை அச்சுறுத்தும் இந்தச் சரிவு உண்மையில் விமானிக்குத் துணைநிற்பது: இறங்கும் விமானம் மேடேறுவதால் விரைவில் வேகம் குறைகிறது, புறப்படும் விமானம் பள்ளம் நோக்கி ஓடுவதால் விரைவில் வேகம் கூடுகிறது. ட்வின் ஆட்டர், டோர்னியர் 228, எல்-410 போன்ற, குறுகிய தூரத்தில் எழவும் இறங்கவும் வல்ல சிறு விமானங்களே இங்கு வந்துபோகின்றன.

இந்த உதவிக்கு ஒரு விலையும் உண்டு. மேல்முனையை மலை அடைத்து நிற்க, கீழ்முனைக்கு அப்பால் நிலம் பள்ளத்தாக்காகச் சரிந்துவிடுவதால், காற்று எத்திசையில் வீசினாலும் இறங்குவது மலையை நோக்கியும் எழுவது பள்ளத்தாக்கை நோக்கியுமே நிகழவேண்டியிருக்கிறது. சமவெளியில் இறங்குதல் சரியாக அமையாவிட்டால் விமானி மீண்டும் மேலெழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி முயலலாம். லுக்லாவிலோ, இறங்குபாதையின் கடைசிக் கட்டத்தை எட்டிவிட்ட விமானத்துக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் ஆற்றல் குறைவதும், அதே தூக்குவிசையைப் பெற விமானம் கடல்மட்டத்தில் தேவைப்படுவதைவிட வேகமாகப் பறக்க நேர்வதும் இந்த நெருக்கடியை மேலும் கூட்டுகின்றன.

மேகம் புகுவது இந்த இடத்தில்தான். வழிகாட்டும் கருவிகளைக் கொண்டு தரையிறங்கும் வசதி இங்கு இல்லாததால் விமானி ஓடுபாதையைக் கண்ணால் கண்டே இறங்கவேண்டும். ஆனால் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து மேலேறி மேகமாகத் திரள்வதோடு, இறங்கும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளவும் தொடங்குவதால், விமானங்கள் பெரும்பாலும் காலைப்பொழுதிலேயே இயக்கப்படுகின்றன. 2008 அக்டோபர் 8 அன்று இறங்கவிருந்த எட்டி ஏர்லைன்ஸின் ட்வின் ஆட்டர், மூடுபனி சூழ்ந்த நிலையில் ஓடுபாதைக்குச் சற்று முன்னே மோதியதில், இருந்த 19 பேரில் தலைமை விமானி ஒருவரே உயிர்பிழைத்தார். 2017 மே 27 அன்று எல்-410 சரக்கு விமானம் ஒன்று அதேபோல் ஓடுபாதையை எட்டாமல் வீழ்ந்து இரு விமானிகளும் இறந்தனர். தாழ்ந்து வந்துவிட்ட விமானத்தைச் சட்டென உயர்த்த முயன்றபோது, சக்கரங்களும் இறக்கை மடிப்புகளும் முழுமையாக இறக்கப்பட்டிருந்த நிலையில், வேகம் போதாமல் இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன என்று விசாரணை கண்டது. மேடேறும் ஓடுபாதை, விமானம் இருப்பதைவிட உயரத்தில் பறப்பதுபோன்ற மயக்கத்தைக் கண்ணுக்குத் தந்து, விமானியைத் தேவைக்கு மேல் தாழ வைக்கக்கூடியது என்பதும் விமானத்துறையினர் நன்கறிந்த செய்தி.

2019 ஏப்ரலில் நடந்தது வேறுவகை. புறப்பட ஓடத் தொடங்கிய விமானம் வலப்புறம் விலகி ஹெலிகாப்டர் தளத்தில் நின்றவற்றின்மீது மோதி மூவர் இறந்த அந்த நிகழ்வில், மேகத்துக்கோ மலைக்கோ பங்கில்லை.

லுக்லாவின் கணக்கில் எழுதப்படும் உயிரிழப்புகள் சில லுக்லாவிலேயே நிகழாதவை என்பதும் கவனிக்கத்தக்கது. 2010 ஆகஸ்டில் 14 பேருடன் வீழ்ந்த அக்னி ஏர் விமானம், லுக்லாவுக்குப் புறப்பட்டு மின்னாக்கிக் கோளாறால் திரும்பிய வழியில் விபத்துக்குள்ளானது. 2012 செப்டம்பரில் 19 பேர் இறந்த சீதா ஏர் விபத்து, காத்மாண்டுவில் விமானம் மேலெழுந்த சிறிது நேரத்திலேயே நிகழ்ந்தது. ஓடுபாதையின் நீளத்தை மட்டும் பேசும் பயணக் கட்டுரைகள் இவற்றைக் கடந்துபோய்விடுகின்றன. பறப்பதற்கேற்ற சில மணிநேரத்துக்குள் பருவகாலக் கூட்டம் முழுவதையும் கொண்டுசேர்க்கவேண்டிய அவசரம் ஒருபுறமிருக்க, விமான நிலையங்களை நடத்துவதும் விமானப் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் நேபாளத்தில் ஒரே ஆணையத்தின் கையில் இருந்தது நெடுநாளாகக் கண்டனத்துக்குள்ளானது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பரில் நேபாள விமான நிறுவனங்கள் அனைத்துக்கும் தன் வான்வெளியில் தடை விதித்த பிறகும், அந்த ஆணையத்தை இரண்டாகப் பிரிப்பதற்கான சட்டம் பல ஆண்டுகள் இழுபறியிலேயே கிடந்தது.