இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு உருவி விடலாமா?

"டாக்டர், அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாத்தி ஒரு மாசமாச்சு. கால் வீங்கியிருக்கு. நல்ல தைலமா கொடுங்க, உருவி விடறோம்." இப்படிக் கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். சித்த வைத்தியர்தானே, உடனே தைலத்தை எடுத்து நீட்டுவார் என்று நினைக்கிறார்கள். நான் முதலில் சொல்வது, "காலில் கை வைக்காதீங்க" என்பதுதான். ஏன்?

தொடை எலும்பின் மேல்முனை பந்து போல இருக்கும். இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்தில் அது சுழல்கிறது. தேய்மானம், முடக்குவாதம், எலும்புக்கு ரத்த ஓட்டம் தடைப்படுவது ஆகியவற்றால் இது கெட்டுப்போனால், உலோகம் அல்லது பீங்கான் பந்தும் புதிய கிண்ணமும் பொருத்துகிறார்கள். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் டாக்டர் ஜான் சார்ன்லி 1962-ல் தரமான பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் இந்த சிகிச்சை நம்பகமானது.

பலன் எப்படி? 'லான்செட்' இதழில் 2019-ல் வந்த ஆய்வுப்படி, 100 மூட்டுகளில் சுமார் 89 மூட்டுகள் 15 வருஷமும், சுமார் 58 மூட்டுகள் 25 வருஷமும் தாக்குப் பிடிக்கின்றன. பெரும்பாலோருக்கு வலி நன்றாகவே குறைகிறது. முற்றிலும் தேய்ந்துபோன மூட்டை மூலிகையால் திரும்ப வளர்க்க முடியாது. ஒரு சித்த வைத்தியனாகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் ஆபரேஷன் முடிந்து முதல் மூன்று மாதம் ரொம்ப முக்கியம்.

கால் லேசாக வீங்குவது சகஜம். அதே வீக்கம், காலின் உள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்ததாலும் வரலாம். கெண்டைக்கால் வலித்து, சூடாகி, வீக்கம் கூடினால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள். அந்தக் காலை உருவினால், உறைந்த கட்டி பிய்ந்து போய் நுரையீரலை அடைக்கலாம். உயிருக்கே ஆபத்து! திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிடுகிற நாட்டு மருந்துகளையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சமையலில் சேர்க்கிற பூண்டு, மஞ்சள் வேறு. மருந்தாக அதிகம் சாப்பிடுவது வேறு. அது ரத்தக் கசிவைக் கூட்டலாம்.

அடுத்து, மூட்டு நழுவும் ஆபத்து. சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, தாழ்வான மணை, கால் மேல் கால் போடுவது எதுவும் வேண்டாம். கழிப்பறைக்கு உயரமான கமோட் ஏற்பாடு செய்யுங்கள். எத்தனை நாளுக்கு என்பது ஆபரேஷன் செய்த முறையைப் பொறுத்தது. டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

தையல் போட்ட இடத்தில் பச்சிலையோ எண்ணெயோ போடக்கூடாது. அங்கே சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள். சர்க்கரை நோயாளிகள் காலில் சிறு புண் வந்தாலும் அலட்சியம் செய்யாதீர்கள். பல வருஷம் கழித்தும் கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போகலாம்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்யலாம்? சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். வாக்கர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விடுங்கள். பருப்பு, முட்டை, கீரை, பழம் கொடுத்து மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தடுக்கி விழவைக்கும் மிதியடியை எடுத்துவிட்டு, குளியலறைச் சுவரில் கைப்பிடி மாட்டுங்கள். அம்மாவை நடக்க வைப்பது இதெல்லாம்தான், தைலமல்ல.